சுண்ணாம்பு கேட்டவளின் முதல் எபிசோட்

பத்மநாபபுரத்திலிருந்து திருவனந்தபுரத்துக்கு 50 கிலோமீட்டருக்குச் சற்று மேல். தக்கலை, மார்த்தாண்டம், குழித்துறை, களியக்காவிளை. அதைத் தாண்டினால் கேரளம். பிறகு பாறசாலை, அமரவிளை, நெய்யாற்றின்கரை, பாலராமபுரம். இன்று இது தேசிய நெடுஞ்சாலை 66. டைல்ஸ் கடைகளும் பேக்கரிகளும் வரிசையாக நிற்கும் இந்தச் சாலையில் நள்ளிரவிலும் வெளிச்சம் முழுதாக அணைவதில்லை. ஒரு காலத்தில் இந்த வழியில்தான் யட்சி நின்றாள் என்று கதை.

கதையை எழுத்தில் நிலைநிறுத்தியவர் கொட்டாரத்தில் சங்குண்ணி. 1909 முதல் எட்டுத் தொகுதிகளாக வெளிவந்த அவருடைய ‘ஐதிகமாலை’யில், கடமற்றத்துக் கத்தனார் என்ற மந்திரவாதப் பாதிரியாரின் கதைக்குள் அந்த யட்சி வருகிறாள். பத்மநாபபுரத்துக்கும் திருவனந்தபுரத்துக்கும் இடையே காடு. வழிப்போக்கன் தனியே வருகிறான். எதிரே அழகான பெண். வெற்றிலைக்குச் சுண்ணாம்பு இருக்குமா என்று கேட்கிறாள். கொடுக்க நின்றவன் வீடு திரும்புவதில்லை. கடைசியில் கத்தனார் வருகிறார். அவள் தலையில் இரும்பு ஆணியை அறைகிறார். யட்சியின் வல்லமை அடங்கி, அவள் சாதாரணப் பெண்ணாகிறாள்.

பாறசாலை, நெய்யாற்றின்கரை எல்லையோர ஊர்களில் வளர்ந்தவர்களுக்கு இந்தக் கதை ஐதிகமாலையைப் படித்துத் தெரிந்ததல்ல. தமிழும் மலையாளமும் ஒரே திண்ணையில் புழங்கும் வீடுகள் இவை. பாட்டிகள் அவளை யட்சி என்றார்கள், இயக்கி என்றார்கள், இசக்கி என்றார்கள், நீலி என்றார்கள். ஏழிலைப்பாலை பூத்த வாசம் வந்தால் அந்தப் பக்கம் போகாதே. கூப்பிட்டால் மூன்றாம் தரம் கூப்பிடும்வரை பதில் சொல்லாதே. கால் தரையில் பாவுகிறதா என்று பார். கதை எப்போதும் இந்த எச்சரிக்கையோடு முடிந்துவிடும். அதற்கு மேல் ஒன்றும் இருப்பதாகப் பல ஆண்டுகள் எனக்குத் தோன்றியதே இல்லை.

தோன்றவைத்தது ஒரு ஜப்பானிய அனிமே தொடர்.

மூன்று எபிசோட் நியாயம்

அண்ணன் மகள் கல்லூரியில் படிக்கிறாள். அவள் போனில் ஓடிய ‘தண்டதான்’ தொடரின் முதல் எபிசோடைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். யுகினோபு தத்சு 2021இல் தொடங்கிய மங்கா. சயின்ஸ் சாரு நிறுவனம் 2024 அக்டோபரில் அனிமேயாகக் கொண்டுவந்தது. பேயை நம்பி வேற்றுக்கிரகவாசிகளை நம்பாத ஒரு பெண், மோமோ. வேற்றுக்கிரகவாசிகளை நம்பிப் பேயை நம்பாத ஒரு பையன். அவனை அவள் ஒகாருன் என்று அழைக்கிறாள். பந்தயம் கட்டி, அவள் பாழடைந்த ஆஸ்பத்திரிக்கும் அவன் பேய் உலவும் சுரங்கவழிக்கும் போகிறார்கள். இரண்டும் உண்மை என்று ஒரே இரவில் தெரிகிறது. சுரங்கவழியில் அவனைப் பிடிப்பது ஒரு கிழவிப் பேய். பச்சையான நகைச்சுவை, காது கிழியும் ஓட்டம், சில இடங்களில் பெண்ணைக் காட்டிய விதத்தில் அருவருப்பு. இருபது சொச்சம் நிமிடத்தில் என் மனம் தீர்ப்பு எழுதிவிட்டது: இரைச்சல்.

“தீர்ப்பு சொல்லப்பிடாது சித்தப்பா, மூணு எபிசோடாவது காணணும்” என்றாள்.

அனிமே பார்ப்பவர்களிடையே உலகெங்கும் உள்ள வழக்கம் இது. முதல் எபிசோட் வாசல் மட்டும். மூன்று பார்த்த பிறகுதான் தொடர்வதா விடுவதா என்று முடிவு செய்வார்கள். பிடித்ததோ இல்லையோ, ஏழாவது எபிசோடுக்கு வந்தேன். அதுவரை நீண்ட கூந்தலோடு துரத்தி வந்த ஒரு பெண் பேயின் கடந்தகாலம் அங்கே திறக்கிறது. அவள் ஏழைத் தாய். மகளை வளர்க்க உடலை விற்பது உட்படக் கிடைத்த வேலையெல்லாம் செய்தவள். கடன்காரர்கள் மகளைத் தூக்கிக்கொண்டு போக, மாடியிலிருந்து குதித்தவள். இறந்த பிறகு வேறொரு சிறுமி தன்னைப் பார்த்து அம்மா என்று கூப்பிட்டதாக எண்ணி அவளைச் சுற்றிவந்தவள். துரத்தியது பசியில் அல்ல.

அன்று இரவு எனக்கு நினைவு வந்தது ஜப்பான் அல்ல, நம்முடைய நெடுஞ்சாலை. யட்சி கதையில் நாம் கேட்டுவந்த சுண்ணாம்புக் காட்சி முதல் எபிசோட் மட்டுமோ என்ற ஐயம். மீதி எபிசோடுகள் எங்கே? தேடிப் பார்த்தால் அவையும் இதே வட்டாரத்தில் இருக்கின்றன. வேறு ஆட்கள் வேறு இடத்தில் பாடிவைத்திருக்கிறார்கள். பேய்க்கதைக்கும் அமானுஷ்யக் காதல் கதைக்கும் உள்ள வேறுபாடு ஒன்றுதான் என்பது இக்கட்டுரையின் துணிபு: பேய்க்கு ஒரு பழங்கதையைச் சொல்ல எவ்வளவு நேரம் கொடுக்கிறோம் என்பது.

வழிப்போக்கனின் கண்

சுண்ணாம்புக் காட்சியில் கேமரா யார் கையில் இருக்கிறது என்று பார்க்க வேண்டும். பத்மநாபபுரம் வேணாட்டின், பிறகு திருவிதாங்கூரின் அரண்மனை நகரம். பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் தலைநகர் திருவனந்தபுரத்துக்குப் பெயர்ந்தது. இரண்டு ஊர்களுக்கும் இடையே ஓலையோடும் பணத்தோடும் ஓயாமல் நடந்தவர்கள் ஆண்கள். கதை அவர்கள் கண்ணால் பார்க்கிறது. முதலில் வாசம், பிறகு உருவம், பிறகு குரல். அவள் பெயரை யாரும் கேட்பதில்லை. அந்த நேரத்தில் அங்கே எதற்கு நிற்கிறாள் என்பதும் அவர்களுக்குத் தேவைப்படவில்லை. பார்க்கச் சொல்வதெல்லாம் காலை மட்டும்.

அவள் கேட்கும் பொருளையும் கொஞ்சம் கவனிக்கலாம். வெற்றிலை அவளிடம் உண்டு, பாக்கு உண்டு. இல்லாதது சுண்ணாம்பு. சுண்ணாம்பு சேராமல் வாய் சிவக்காது. வெற்றிலை மடித்துக் கொடுப்பது நம் பழக்கத்தில் கணவன் மனைவிக்கு இடையிலும் காதலர்களுக்கு இடையிலும் உள்ள நெருக்கம். முன்பின் தெரியாத ஆணிடம் ஒரு பெண் சுண்ணாம்பு கேட்பது அந்த நெருக்கத்துக்குள் ஓர் அடி வைப்பது. கையில் கொடுத்தால் விரல் படும். ஆகவே கத்தி முனையில் வைத்து நீட்டு என்று பெரியவர்கள் சொன்னார்கள். இரும்பைக் கண்டால் அவள் நெருங்க மாட்டாள்.

தொடுவதா வேண்டாமா என்பது ஜப்பானிய அமானுஷ்யக் காதல் கதைகளுக்கும் உயிர்நாடி. யுகி மிதொரிகாவாவின் கதையிலிருந்து 2011இல் வந்த ‘ஹோதருபி நோ மோரி ஏ’ படத்தில், காட்டில் வாழும் இளைஞனை மனிதர் தொட்டால் அவன் மறைந்துவிடுவான். சிறுமியாக அவனைச் சந்தித்தவள் ஒவ்வொரு கோடையிலும் வந்து, தொடாமலே வளர்ந்து பெரியவளாகிறாள். தடை அங்கேயும் இங்கேயும் ஒன்று. அங்கே தொட்டால் அழிவது அமானுஷ்யம். இங்கே அழிவது மனிதன். அதனால் அங்கே தடை ஏக்கமாகிறது, இங்கே எச்சரிக்கையாகிறது.

கத்தனாரின் கதையில் எல்லோரும் ஆணியோடு நிறுத்திவிடுகிறோம். அதற்குப் பிறகும் கதை உண்டு. வல்லமை இழந்த யட்சியை அவர் தெரிந்த ஒரு வீட்டில் வேலைக்காரியாக விடுகிறார். அந்த வீட்டுக் கிழவி ஒருநாள் அவளுக்குத் தலை வாரிவிடுகிறாள். விரலில் ஏதோ தட்டுப்படுகிறது. பிடுங்கிவிடுகிறாள். யட்சி திரும்பவும் யட்சியாகிறாள். பிறகு துரத்தலும் உடன்பாடும் நடந்து, மான்னாருக்கு அருகே பருமலையில் பனயன்னார்காவில் அவள் அமர்கிறாள். அந்த நெடிய கதையில் அவளைக் கண்டு பயப்படாமல் தொட்டது அந்தக் கிழவி ஒருத்திதான். ஆண்கள் காலைப் பார்த்தார்கள். கிழவி தலையைப் பார்த்தாள்.

பிறப்பிலிருந்து பாடுகிறவர்கள்

மக்கள் வழக்கு பின்னாளில் கத்தனாரின் யட்சியையும் கள்ளியங்காட்டு நீலியையும் ஒருத்தியாகவே ஆக்கிவிட்டது. கள்ளியங்காடும் பஞ்சவன்காடும் நாகர்கோவில் பக்கம். நீலியின் கதையை முழுதாகச் சொல்பவர்கள் வில்லுப்பாட்டுக்காரர்கள். குமரி மாவட்டத்தில் வில்லுப்பாட்டு. தென் கேரளத்தில் அதுவே வில்லடிச்சான் பாட்டு. தெக்கன் பாட்டுகள் என்று மலையாளிகள் தொகுத்துவைத்திருக்கும் கதைப்பாடல்களில் நீலிகதையும் ஒன்று. அவற்றின் மொழியைத் தமிழ் என்பதா மலையாளம் என்பதா என்று பிரிக்க முயன்றால் நூல் அறுந்துவிடும்.

கோயில் கொடைக்கு வில் கட்டினால் கதை சுண்ணாம்பில் தொடங்காது. பிறப்பில் தொடங்கும். ஒரு வடிவத்தின்படி, அவள் தாசி குலத்துப் பெண். ஒரு வேதியன் அவள்மேல் ஆசை வைத்துக் கையில் இருந்ததையெல்லாம் இழக்கிறான். காசு தீர்ந்ததும் அவள் தாய் அவனை விரட்டுகிறாள். மகளுக்கோ அவன்மேல் உண்மையான பிரியம். தாயை விட்டு, நகைகளோடு அவன் பின்னாலேயே போகிறாள். கள்ளிக்காட்டில் களைத்து அவன் மடியில் தலைவைத்துத் தூங்குகிறாள். அவன் மணலைக் குவித்து அவள் தலையை அதில் வைத்துவிட்டு, கல்லைத் தூக்கிப் போட்டுக் கொன்று, நகைகளை அள்ளிக்கொண்டு ஓடுகிறான். சாகும்போது அவள் கள்ளிச்செடியைச் சாட்சி வைக்கிறாள். தேடிவந்த அண்ணனும் அங்கேயே உயிரை விடுகிறான்.

அடுத்த பிறவி. அண்ணனும் தங்கையும் அரசன் வீட்டில் நீலனும் நீலியுமாய்ப் பிறக்கிறார்கள். வேதியன் வணிகனாகப் பிறக்கிறான். காட்டு வழியில் வரும் அவன் முன் நீலி நிற்கிறாள். கள்ளிக் கொப்பை ஒடித்துக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொள்கிறாள். ஊரார் எழுபது பேர் கூடிய அவையில், இவன் என் கணவன், என்னையும் பிள்ளையையும் கைவிட்டு ஓடுகிறான் என்று முறையிடுகிறாள். அவன் இல்லை, இது பேய் என்று கதறுகிறான். அவை அவளை நம்புகிறது. அவனுக்கு ஒன்றும் நேராது, நேர்ந்தால் எங்கள் உயிர் பிணை என்று சொல்லி இருவரையும் ஓரறையில் வைத்துக் கதவைச் சாத்துகிறது. காலையில் அவன் பிணம். எழுபது பேரும் சொன்ன சொல்லுக்காகத் தீயில் இறங்குகிறார்கள்.

வடக்கே திருவாலங்காட்டுக்கு அருகே பழையனூரிலும் இதே கதை ஊர்க்கதையாக நிலைத்திருக்கிறது. நீலிக் கண்ணீர் என்ற வழக்கு அங்கிருந்து தமிழ் முழுக்கப் பரவியது. போலிக் கண்ணீர் என்பது அதன் பொருள். ஆனால் அந்த அவையின் முதல் பார்வை பொய்யா? கையில் குழந்தையோடு நின்றவளைப் பார்த்து, இவள் ஏமாற்றப்பட்டவள் என்று எழுபது பேரும் எண்ணினார்கள். இந்தப் பிறவிக்கு அது தவறு. போன பிறவிக்கு அது சரி. அவள் சொன்ன ஒவ்வொரு சொல்லும் பொய். சொல்ல வந்த வழக்கு மெய். அன்று கள்ளி ஒன்றே சாட்சி. இன்று அதே கள்ளி குழந்தையாக அவைக்கு வந்து சாட்சி சொல்கிறது. காடு சாட்சி சொல்லும் வழக்காடுமன்றம் இது. முதல் தோற்றத்தை நம்பலாமா என்ற கேள்வியை இதைவிடக் கூர்மையாகக் கேட்ட கதை தமிழில் எனக்குத் தெரிந்து இல்லை.

அமெரிக்க ஆய்வாளர் ஸ்டுவர்ட் பிளாக்பர்ன் 1988இல் வெளிவந்த தம் வில்லுப்பாட்டு ஆய்வு நூலுக்கு, பிறப்பையும் சாவையும் பாடுதல் என்ற பொருள்படத் தலைப்பிட்டார். தெய்வமாகப் பிறந்தவர்களின் கதைகள் ஒரு வகை, அநியாயமாகச் செத்துத் தெய்வமானவர்களின் கதைகள் இன்னொரு வகை. இரண்டாம் வகையில் கதை கொலையை நெருங்க நெருங்க வீசுகோல் விரையும், குடத்தின் அடி கனக்கும், சாமியாடிக்கு அருள் வரும். அங்கே கூடியிருப்பவர்கள் அவளுக்குப் பயந்தவர்கள்தாம். ஆனாலும் அவள் எப்படிச் செத்தாள் என்று கேட்டு முடிக்கும்வரை எழுந்து போவதில்லை. வழிப்போக்கன் ஒரு நிமிடம் பார்த்தவளை, கொடைக்கு வந்தவர்கள் இரவு முழுக்கப் பார்க்கிறார்கள்.

ஆணி, அம்பு, ஒப்பந்தம்

நீலியின் கதையில் காதல் கொலைக்கு முன்பே முடிந்துவிடுகிறது. யட்சிக்கும் மனிதனுக்கும் இடையே உறவு நடக்கும் கதையும் இங்கே உண்டு. அது காஞ்ஞிரோட்டு யட்சியின் கதை. மார்த்தாண்டத்துக்கு அருகே உள்ள காஞ்ஞிரக்கோடு அவள் ஊர். மார்த்தாண்டவர்மாவின் காலத்தில் நடந்ததாகச் சொல்வார்கள். சிருதேவி என்ற பேரழகி, தன் வீட்டுப் பல்லக்குத் தூக்கி குஞ்ஞுராமன்மேல் ஆசைப்பட்டு, அவன் மனைவியைக் கொல்லச் செய்கிறாள். அவன் அதை அறிந்து சிருதேவியைக் கொல்கிறான். யட்சியாகத் திரும்பியவள் அவனையே சுற்றுகிறாள். இடையில் புகுந்தவன் அவள் அண்ணன் கோவிந்தன். குஞ்ஞுராமனுக்கு உயிர் நண்பன். அவன் முடித்துவைத்தது ஓர் உடன்படிக்கை. ஓராண்டு அவள் குஞ்ஞுராமனோடு வாழலாம். ஆண்டு முடிந்ததும் கோயிலில் அடங்கி, நரசிம்மரை வணங்கும் அடியாளாக வேண்டும்.

அந்தக் கோயில் இன்று இல்லை. அவள் இப்போது பத்மநாபசுவாமி கோயிலின் பி நிலவறையில் இருக்கிறாள் என்ற நம்பிக்கை மட்டும் இருக்கிறது. 2011இல் மற்ற அறைகளைத் திறந்து கணக்கெடுத்தபோது அந்த அறை திறக்கப்படாமலே நின்றது. ஊடகங்கள் தங்கத்தைப் பேசின; நெய்யாற்றின்கரைப் பக்கத்துக் கிழவிகள் யட்சியைப் பேசினார்கள்.

ஓராண்டு ஒப்பந்தம் என்ற இந்த அமைப்பை அனிமே பார்ப்பவர் எவரிடம் சொன்னாலும் உடனே அடையாளம் காண்பார். ஜூலியெட்டா சுசுகியின் மங்காவிலிருந்து 2012இல் அனிமேயான ‘காமிசாமா ஹஜிமேமாஷிதா’வில், தகப்பன் கடனில் ஓடிப்போக வீடிழந்த நானாமி என்ற பெண், தற்செயலாக ஒரு கோயிலுக்குத் தெய்வமாகிறாள். அங்கே இருக்கும் நரி உருவ ஏவலன் தொமொயே அவளை மதிப்பதில்லை. அவனைக் கட்டுவது ஒரு முத்தத்தால் செய்யும் உடன்படிக்கை. கட்டுப்பாடாகத் தொடங்கியது மெல்லப் பாசமாகிறது. ருமிகோ தகாஹாஷியின் ‘இனுயாஷா’ இன்னும் நெருங்கி வருகிறது. 1996இல் மங்காவாகத் தொடங்கி 2000இல் அனிமேயானது. பதினைந்து வயது காகோமே கிணற்றுக்குள் விழுந்து பழைய ஜப்பானில் எழும்போது முதலில் பார்ப்பது மரத்தோடு அம்பால் அறையப்பட்டு உறங்கும் இனுயாஷாவை. ஐம்பது ஆண்டுகளுக்கு முன் அவனை அறைந்தவள் அவனைக் காதலித்த கிக்யோ. ஒருவர் மற்றவரை ஏமாற்றியதாக இருவரையும் நம்பவைத்தவன் மூன்றாமவன். காகோமே அம்பைப் பிடுங்குகிறாள். ஆணியைப் பிடுங்கிய நம் கிழவி நினைவுக்கு வராமல் இருப்பாளா?

ஒருவரிடமிருந்து மற்றவர் எடுத்தார் என்று நான் சொல்ல வரவில்லை. அப்படிச் சொல்ல ஆதாரமும் இல்லை. இரும்பால் அறைவது, சொல்லால் கட்டுவது, பிடுங்கி விடுவிப்பது என்ற மூன்று செயல்களும் மனிதர் அமானுஷ்யத்தோடு நடத்தும் பேரத்தின் மூன்று நிலைகள். ஜப்பானியத் தொடர் இரண்டாவதையும் மூன்றாவதையும் நீட்டி வளர்க்கிறது. நாம் வாய்மொழியில் முதலாவதை வைத்துக்கொண்டு மற்ற இரண்டையும் மறந்தோம்.

பேசவைத்த சமணர்

நான்காவது ஒரு வழியும் இருந்தது. குழித்துறையிலிருந்து சற்று உள்ளே போனால் சிதறால் மலை. ஆய் அரசன் விக்கிரமாதித்த வரகுணன் காலத்து, ஒன்பதாம் நூற்றாண்டுச் சமணப் பள்ளி. பின்னால் பகவதி கோயிலானது. அங்கே பாறையில் தீர்த்தங்கரர்களோடு அம்பிகா இயக்கியும் செதுக்கப்பட்டிருக்கிறாள். சிங்கமும் பிள்ளைகளும் உடன். சமண மரபில் அவள் முன்பு ஒரு குடும்பப் பெண். விருந்தினருக்கென்று சமைத்ததைச் சமணத் துறவிக்கு இட்டதற்காகக் கணவன் பிள்ளைகளோடு துரத்திவிட்டான். பின்னர் அவன் தேடிவந்தபோது பயந்து உயிரைவிட்டு இயக்கியானாள். கணவன் அடுத்த பிறவியில் அவளைச் சுமக்கும் சிங்கமானான். இடுப்பில் பிள்ளையோடு நிற்கும் இசக்கியம்மன் சிலைகளைப் பார்க்கும்போது அம்பிகாவை நினைக்காமல் இருக்க முடியாது. கைவிடப்பட்ட மனைவி, பிள்ளை, அகால மரணம், தெய்வநிலை என்ற வரிசை இரண்டிலும் ஒன்று.

இயக்கி வழிபாடு அதற்கும் பழையது. கோவலனும் கண்ணகியும் மதுரைப் புறஞ்சேரியில் தங்கியிருக்கும்போது, அவர்களுக்கு அடைக்கலம் தரும் ஆயர்குலத்து மாதரி இயக்கிக்குப் பால்மடை கொடுத்துத் திரும்பி வருபவள்தான். அங்கே இயக்கி பயமுறுத்துபவள் அல்லள், ஊரின் தெய்வம்.

ஐஞ்சிறு காப்பியங்களுள் ஒன்றான ‘நீலகேசி’ இன்னும் வியப்பானது. அ. சக்கரவர்த்தி நயினார் 1936இல் உரையோடு பதிப்பித்தார். காளி கோயிலில் உயிர்ப்பலியை நிறுத்திய முனிச்சந்திரர் என்ற சமண முனிவரை விரட்ட, காளி பழையனூர் நீலியை ஏவுகிறாள். நீலி முதலில் பயங்கர உருவங்கள் காட்டுகிறாள். அசையவில்லை. அடுத்து அரசகுமாரியின் அழகோடு வருகிறாள். முனிவர் அவள் யாரென்று அறிந்தபடியே பேசுகிறார். அவள் பணிகிறாள், கொல்லாமையை ஏற்கிறாள், பிறகு காப்பியம் முழுவதும் பிற சமயத்தாரோடு வாதம் செய்து வெல்கிறாள். ஆணியும் இல்லை, ஒப்பந்தமும் இல்லை, காதலும் இல்லை. பேயாக வந்தவள் தருக்கவாதியாகிறாள். முனிவருக்கும் சுண்ணாம்புக் காட்சிதான் வாய்த்தது. அவர் முதல் தோற்றத்தில் மயங்கவும் இல்லை, அதற்காக அவளை அடிக்கவும் இல்லை.

அச்சம் காதலாகும் பாதை

ஜப்பானிலும் இந்த மாற்றம் ஒரே நாளில் நடந்ததல்ல. லஃப்காடியோ ஹெர்ன் 1904இல் ‘குவைதான்’ என்ற தொகுப்பில் எழுதிய பனிப்பெண்ணின் கதை, ஐதிகமாலையின் முதல் தொகுதிக்கு ஐந்தாண்டு மூத்தது. பனிப்புயல் இரவில் கிழவனைக் கொன்ற வெள்ளை உருவம், உடனிருந்த இளைஞனின் அழகைக் கண்டு விட்டுவிடுகிறது. யாரிடமும் சொல்லாதே என்கிறது. பிறகு மனைவியாக வந்து பத்துப் பிள்ளை பெறுகிறது. அவன் வாய்தவறி அந்த இரவைச் சொன்னதும் மறைகிறது. அச்சமும் குடும்ப வாழ்வும் அந்தக் கதைக்குள்ளேயே பாதிப்பாதி இருக்கின்றன. வாரந்தோறும் வந்த மங்காக்கள் அதற்குக் கொடுத்த புதிய பொருள் நேரம். ‘இனுயாஷா’ 12 ஆண்டுகள் ஓடியது. அவ்வளவு காலம் வாரா வாரம் சந்திக்கும் பேயிடம் பயம் நீடிக்காது. பழகிவிடும், பழகினால் அவள் கதையைக் கேட்க வேண்டிவரும்.

மலையாளத்திலும் இதே நகர்வு நடந்திருக்கிறது. 1964இல் ஏ. வின்சென்ட் இயக்கிய ‘பார்கவீ நிலையம்’ வைக்கம் முகம்மது பஷீரின் எழுத்து. பாழ்வீட்டில் குடிவந்த எழுத்தாளன் அங்கே உலவும் பார்கவியைக் கண்டு ஓடவில்லை. அவளோடு பேசுகிறான், அவள் கதையை எழுதுகிறான், எழுத எழுத அவள் கொலையின் உண்மை வெளிவருகிறது. மலையாற்றூர் ராமகிருஷ்ணனின் ‘யக்ஷி’ 1967 நாவல். மறு ஆண்டு சேதுமாதவன் படமாக்கினார். விபத்தில் முகம் சிதைந்த பேராசிரியன், தன்னைக் காதலித்து மணந்த அழகியை யட்சியோ என்று சந்தேகிக்கிறான். இவ்வளவு அழகான பெண் என்னை ஏன் விரும்ப வேண்டும்? வழிப்போக்கனின் பயத்துக்கு அடியில் கிடந்த கேள்வியை அந்த நாவல் தோண்டி மேலே போட்டது. தமிழில் ஜெயமோகனின் ‘காடு’ நாயகி மலைப்பெண். அவளுக்கு நீலி என்று பெயரிட்டபோது, குமரி வட்டார வாசகன் காதலோடு கூடவே அச்சத்தையும் உணர்ந்தான்.

2025 ஓணத்துக்கு வந்த டொமினிக் அருணின் ‘லோகா’ இந்த வரிசையின் இப்போதைய முனை. கள்ளியங்காட்டு நீலி சந்திரா என்ற பெயரில் பெங்களூரில் குடியிருக்கிறாள். எதிர்வீட்டு இளைஞன் அவள்மேல் மயங்குகிறான். அவள் யாரென்று தெரிந்து நடுங்குகிறான், பிறகும் விலகவில்லை. அவ்வாண்டின் மிகப் பெரிய மலையாள வெற்றிகளுள் ஒன்றானது. அண்ணன் மகள் அதைப் பார்த்துவிட்டு வந்து சொன்னது: “நம்ம நீலிய அனிமே மாதிரி எடுத்திருக்கு.” அனிமே நம் நீலியைப் போல எடுக்கப்பட்டிருக்கிறது என்று நான் திருத்தவில்லை. அவள் சொன்னதிலும் உண்மை இருந்தது.

இங்கே ஒரு தயக்கத்தையும் பதிவு செய்ய வேண்டும். பேய்க்குப் பழங்கதை கொடுப்பது நியாயம். எல்லாப் பழங்கதையையும் காதலில் கொண்டு முடிப்பது நியாயமா? நீலி கேட்டது காதலன் அல்ல. கொன்றவனை அவைமுன் நிறுத்தக் கேட்டாள். மேலாங்கோட்டில் அக்காளும் தங்கையுமாய் இரண்டு கோயில்களில் இருக்கும் யட்சிகளும், ஆள்பவனின் கண் பட்டதற்காகப் பெற்ற தகப்பனாலேயே கொல்லப்பட்டவர்கள் என்கிறது கதை. அவர்களுக்கு யாரைக் காதலனாகக் கொண்டுவந்து நிறுத்துவது? அமானுஷ்யக் காதல் தொடர்களின் பலவீனம் இது. பார்ப்பவருக்கு ஆறுதல் வேண்டும் என்பதற்காகப் பேயின் கோபத்தைச் சீக்கிரம் தணித்துவிடுகின்றன. ‘தண்டதா’னின் ஏழாவது எபிசோட் அந்தப் பிழையைச் செய்யவில்லை. தாய்ப்பேயின் துயரத்துக்கு அது காதலை மருந்தாகத் தரவில்லை. காதல் அரும்பும் இருவரையும் சற்று ஒதுக்கிவைத்து, அவள் பட்டதை முழுதாகப் பார்க்கவைத்தது. வில்லுப்பாட்டும் அப்படித்தான். நீலிக்குக் கணவனைத் தேடித் தரவில்லை. ஒரு பீடமும் ஆண்டுக்கொரு கொடையும் இரவு முழுக்கக் கேட்கும் காதுகளும் தந்தது.

அதே வழியில்

நவராத்திரிக்கு முன் ஒவ்வோர் ஆண்டும் பத்மநாபபுரத்துச் சரஸ்வதியும் வேளிமலை முருகனும் சுசீந்திரத்து முன்னுதித்த நங்கையும் இதே சாலையில் திருவனந்தபுரத்துக்குப் போகிறார்கள். முதல் இரவு குழித்துறை, இரண்டாம் இரவு நெய்யாற்றின்கரை. 1956இல் கல்குளமும் விளவங்கோடும் தமிழ்நாட்டுக்கு வந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்திலேயே நின்றது. ஆனால் இந்த ஊர்வலம் நிற்கவில்லை. களியக்காவிளையில் இரு மாநிலக் காவலர்களும் தெய்வங்களுக்கு மரியாதை செய்கிறார்கள். பாறசாலையில் வீட்டு வாசல்களில் குத்துவிளக்கு ஏற்றிவைத்துக் காத்திருப்பார்கள்.

போன முறை அண்ணன் மகளோடு நின்று பார்த்தேன். தெய்வங்கள் பகல் வெளிச்சத்தில், காவலோடு, வாத்தியத்தோடு போயின. ஒரு காலத்தில் இதே வழியில் காவலும் விளக்கும் இல்லாமல் ஒருத்தி நின்றாள் என்று அவளுக்கு ஆணிக் கதையைச் சொன்னேன். கிழவியையும் சேர்த்தே சொன்னேன். கேட்டுக்கொண்டு வந்தவள், “அப்பம் அவளுக்குச் சுண்ணாம்பு கிட்டிச்சா சித்தப்பா?” என்றாள்.

வீட்டுக்கு வந்து கையில் உள்ள வடிவங்களையெல்லாம் மறுபடி புரட்டினேன். எவன் நின்றான், அவன் என்ன ஆனான், ஆணி எங்கே இறங்கியது, யார் பிடுங்கினார்கள், எந்தக் காவில் அமர்ந்தாள் என்பதெல்லாம் இருக்கிறது. அவள் வாய் சிவந்ததா என்பது ஒன்றில்கூட இல்லை.